நாலேழு வரைக்கும்

கண்ணால் காணாத ஒன்றுக்கு ஒருவர் சாட்சி நிற்க முடியுமா? பெரிய பெரிய தத்துவ நூல்கள் இந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்து களைத்திருக்கின்றன. சலவைக்கூடத்தில் வண்டி தள்ளிக்கொண்டிருந்த கொக்கு என்கிற பெண்ணிடம் அது அழைக்காமலே வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் புத்தகம் படித்தவள் இல்லை. படிக்காததால் உண்மை அவளுக்குச் சட்டென்று புலப்பட்டது என்று சொன்னால் அது வெறும் முகஸ்துதி. எல்லோரையும் போல அவளும் தடுமாறினாள். சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே தடுமாறினாள்.

கொக்கு என்பது பட்டப்பெயர். ஒடிசலான உயரம், நீளக் கழுத்து, களைத்தால் ஒற்றைக்காலில் பாரத்தைப் போட்டு அசையாமல் நிற்கும் வழக்கம். கிழிசல் தைக்கும் தையல்காரி ஒருநாள் அவளைப் பார்த்து, "ஏண்டி, மீன் எதாச்சும் மாட்டுச்சா?" என்று கேட்டாள். அன்றோடு தாய் தகப்பன் வைத்த பெயர் போயிற்று.

அந்தக் கூடத்துக்கு ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். ஒரு கோடியில் ஆள் உயர இயந்திரங்கள் அவற்றை வெந்நீரில் புரட்டும். மறுகோடியில் சூடேறிய நீண்ட உருளைகள் ஈர விரிப்பை ஒரு பக்கம் விழுங்கி, மறுபக்கம் மொடமொடவென்று துப்பும். நடுவில் துணி வண்டிகள் போய்வர நீளமான நடை. இரண்டு பக்கத்து ஆவியும் வந்து தங்குவது அந்த நடையில்தான். ஆவியை வெளியேற்றும் விசிறி எப்போது நின்றது என்பது யாருக்கும் நினைவில்லை. வேலை தொடங்கிச் சற்று நேரத்துக்கெல்லாம் நடை வெளுத்துவிடும். நீட்டிய கை முழங்கையோடு முடிந்துபோனது போலத் தெரியும். விளக்குகள் பாலில் கரைந்த மஞ்சளாகக் கிடக்கும்.

"எத்தனை பேரு படுத்துத் தூங்கின துணி இது! ஒட்டியிருந்த கனவெல்லாம் வெந்நீர்ல கழண்டு மேல வருது" என்பாள் கொக்கு.

"அதான் எனக்குப் பகல்லயே கொட்டாவி வருதா?" என்பாள் தையல்காரி.

அந்த வெண்மைக்குள் நடப்பது கொக்குக்குப் பாதித் தூக்கத்தில் நடப்பது மாதிரி இருக்கும். யாரோ ஒருவருடைய கனவுக்குள் தவறுதலாக நுழைந்துவிட்டதாக நினைத்துக்கொள்வாள். ஆனாலும் வயது ஏற ஏற முழங்கால் வேறு பாஷை பேசியது. மடிப்பறையில் ஜன்னலோரமாக ஒரு நாற்காலி உண்டு. உட்கார்ந்த இடத்தில் மடிப்பு வேலை, காற்று வரும், வெளியே ஒரு மரம் தெரியும். அந்த நாற்காலியை அவள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பாக்கலாம்" என்ற பதில் வருஷக்கணக்காக வந்துகொண்டிருந்தது.

ஆள் தெரியாத நடையில் இரும்பு வண்டிகள் மோதிக்கொள்ளாமல் இருக்க அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வண்டி தள்ளுகிறவர் குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். என்ன குரல் என்பது அவரவர் விருப்பம். ஒருத்தி "வழி விடுங்க, மகாராணி வர்றா" என்பாள்; அவளுக்கு அதுவே பெயர். குண்டக்கா மாமியாரைத் திட்டிக்கொண்டே போவாள்; மாமியார் கண்ணை மூடிப் பல காலமாகியும் திட்டு மட்டும் ஓய்வு பெறவில்லை. கொக்கு மூக்காலேயே ஒரு மெட்டு இழுப்பாள். அதற்கு வார்த்தையும் கிடையாது, முடிவும் கிடையாது. பழகியவர்கள் கண்ணை மூடிக்கொண்டே யார் எங்கே நடக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

வண்டி தள்ளாதவருக்கு அந்த விதி இல்லை. தள்ளாதவர் ஒருவர்தான், சூப்பர்வைசர். எல்லோரும் நனைந்து திரிகிற இடத்தில் அவர் சட்டை மட்டும் எப்படியோ உலர்ந்திருக்கும். மெத்தென்ற காலணி. வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. கொக்கின் தங்கையைக் கட்டியவர் அவர். அவள் "மாப்பிள்ளை" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுக் கூடம் முழுவதற்கும் அவர் மாப்பிள்ளை ஆனார்.

கொக்குக்கு அவர் மேல் மரியாதை உண்டு. அவள் கணவன் நோயில் விழுந்தபோது மாடிப்படியில் குழந்தையைத் தூக்குவது போல அவனைத் தூக்கி இறக்கியவர் மாப்பிள்ளைதான். கணவன் போன பிறகு அவளைத் தனியே விடாமல், தங்கள் வீட்டிலேயே பின்கட்டைக் கொடுத்தார்கள். நடுவில் ஒரு பொது நடை, ஒரே தண்ணீர்க் குழாய். தங்கை குழந்தைகள் பெரியம்மா மடியில்தான் பாதி நேரம் தூங்கின.

அந்தக் கூடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். படிப்பைப் பாதியில் விட்டவள், சன்னக் குரல். முதல் நாள் வண்டியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.

"குரல் குடும்மா" என்றார்கள்.

"எனக்குப் பாட வராதே."

"இங்க யாருக்குடி வருது? என் மாமியாருக்கே வராது" என்றாள் குண்டக்கா.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு" என்று வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு ஆவிக்குள் போனாள். கூடமே சிரித்தது. அன்றே அவளுக்கு வாய்ப்பாடு என்று பெயர் விழுந்தது. ஏன் ஏழு என்று கேட்டால், "சின்ன வயசுல அதுதான் வராது. வராததைத்தானே சொல்லிச் சொல்லிப் பாக்கணும்" என்பாள். கொக்குக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

சில வாரங்களில் வாய்ப்பாட்டுக்கு ஒரு கோளாறு வந்தது. நடையின் நடுவே ஒரு தூண்; அதன் மறைவில் உடைந்த வண்டிகளைப் போட்டுவைக்கிற இடுக்கு. அங்கே வந்ததும் "நாலேழு இருபத்தெட்டு" என்பதோடு குரல் நின்றுவிடும். சற்றுக் கழித்து மறுபடி ஓரேழிலிருந்து தொடங்கும். குண்டக்காவுக்கு இது நல்ல வேடிக்கை. "பாவம், நாலுக்கு மேல சொல்லித்தரல போல. வாத்தியார் லீவு!" ஒருநாள் குரல் நின்றபோது, கொக்கு தன் மெட்டை நிறுத்திவிட்டு ஆவிக்குள் கத்தினாள்:

"அஞ்சேழு முப்பத்தஞ்சுடி, மக்கு!"

சிரிப்பு அலை அலையாகப் போய்ச் சுவரில் மோதித் திரும்பியது. உடனே அந்தப் பக்கத்திலிருந்து "ஆறேழு நாப்பத்திரெண்டு" என்று மூச்சு வாங்கக் குரல் தொடர்ந்தது. அதுமுதல் அது தினப்படி விளையாட்டாயிற்று. நாலேழில் நிற்கும், கொக்கு அஞ்சேழைக் கொடுப்பாள், குரல் கிளம்பும். வெள்ளைக்குள் ஒருத்தி நூலை விட்டுவிட, இன்னொருத்தி எடுத்துக் கையில் கொடுக்கிற மாதிரி. அந்த நாட்களில் கொக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறகு அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மெட்டுக்குப் பதில் வண்டிக் கம்பியைத் தட்டிக்கொண்டு போனாள். நாலேழில் குரல் நின்றபோது கத்த முடியவில்லை. அன்றைக்கு நிசப்தம் நீண்டது. வழக்கத்தைவிட நீண்டது என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

மதியம் குழாயடியில் அந்தப் பெண் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவிய முகத்தையே மறுபடி கழுவினாள்.

"அக்கா, இன்னிக்கி ஏன் கத்தல?"

கொக்கு தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"நீங்க கத்தினாத்தான் கையை எடுப்பாரு" என்றாள் அந்தப் பெண். தண்ணீரைப் பார்த்துத்தான் சொன்னாள். "சத்தம் வந்தா விட்டுடுவாரு. இன்னிக்கி சத்தமே வரல."

யார் என்று கொக்கு கேட்கவில்லை. அந்த நடையில் சத்தமில்லாமல் நடக்கிறவர் ஒருவர்தான். ஆனாலும் அந்தப் பெண், இரைச்சலில் காதில் விழாமல் போயிருக்குமோ என்பது போல, "மாப்பிள்ளை" என்றாள்.

அன்று முதல் கொக்குக்குக் கண்ணுக்குள்ளும் ஆவி ஏறிக்கொண்டது. கணவனைப் படியில் தூக்கி இறக்கிய கையும் அந்தக் கைதான். இரண்டு கை என்றால் ஒன்றைக் கும்பிட்டு ஒன்றை வெட்டலாம். கை ஒன்றாக இருந்ததுதான் அவளுக்குச் சிக்கல். இத்தனை நாள் தான் சிரித்ததெல்லாம் எதைப் பார்த்து என்பது இன்னொரு சிக்கல். விடை தெரியாமல் நிற்கிறாள் என்று ஊரே கூடிச் சிரித்திருக்கிறது.

அவள் முதலில் செய்தது மிகச் சிறிய காரியம். தன் வண்டியை அந்தப் பெண்ணின் வண்டிக்குப் பின்னாலேயே ஒட்டி ஓட்டினாள். தூணருகே வரும்போது மெட்டை உரக்க இழுத்தாள். இதுவே போதும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள்.

"நீங்க லீவு போட்டா என்னக்கா பண்றது?" என்று வாய்ப்பாடு ஒருநாள் கேட்டாள்.

"போடமாட்டேன்."

"அவரு என்னை வேற நேரத்துக்கு மாத்தினா?"

கொக்கு வண்டிக் கம்பியைத் துடைக்கத் தொடங்கினாள்.

அந்தப் பெண்ணே புகார் கொடுத்தாள். நிர்வாகம் ஒரு விசாரணைக் குழுவை வைத்தது. வெளியிலிருந்து ஒரு பெண் வக்கீல், அலுவலக அதிகாரி ஒருவர், தொழிலாளர் பக்கம் தையல்காரி. விசாரணை முடியும்வரை மாப்பிள்ளை கூடத்துக்கு வரக் கூடாது என்றார்கள். "வேலைல சுணக்கம்னு திட்டினேன், அதுக்குப் பழி போடறா" என்று அவர் சொன்னதாகப் பேச்சு பரவியது. பெண்கள் ஒவ்வொருவராகப் போய் "நாங்க எதையும் பாக்கல" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். பொய்யில்லை. அந்த நடையில் யார்தான் எதைப் பார்த்தார்கள்? சாட்சி இல்லாமல் முடிந்தால் அவர் திரும்பி வருவார். வாய்ப்பாடு பொய்க்காரி என்ற பெயரோடு வெளியே போக வேண்டியிருக்கும்.

"என் பேரைச் சொன்னியா?" என்று கொக்கு கேட்டாள்.

"இல்லக்கா. உங்களுக்கு வீடு இருக்கு."

கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தப் பெண் உண்மையான இரக்கத்தோடு சொன்னாள்.

சாயங்காலம் கொக்கு பொது நடையில் நின்றாள். தங்கை குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்கா ஒற்றைக்காலில் நிற்பதைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"போய்ச் சொல்லப் போறியா?"

"கூப்பிட்டா சொல்லணும்ல."

"கூப்பிட்டாங்களா?"

"இல்ல. நானா போகணும்."

தங்கை பாத்திரத்தை வைத்தாள். "அக்கா, உன் கண்ணால பாத்தியா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு."

"இல்ல."

"பாக்காததைச் சொல்லி என் குடியக் கெடுக்கப் போறியா? உன் வீட்டுக்காரரை யாரு தூக்கிட்டுப் போனா? மறந்துடுச்சா?"

"மறக்கல. மறந்தா சுலபமா இருந்திருக்கும்."

"பசங்க முகத்த எப்படிப் பாப்ப?"

தங்கை மறுபடி பாத்திரத்தை எடுத்தாள். தேய்த்ததையே தேய்த்தாள். குழாயடியில் இன்னொருத்தி முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தது கொக்குக்கு நினைவு வந்தது. வெகுநேரம் கழித்து, யாரிடமோ சொல்வது போலத் தங்கை சொன்னாள்:

"வீட்லயும் அவரு சத்தமில்லாமத்தான் நடப்பாரு. பின்னாடி வந்து நிக்கறது தெரியவே தெரியாது. எத்தனை தடவை தூக்கிவாரிப் போட்டிருக்கு."

பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை கொக்கு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஈரக் கையோடு விசாரணை அறைக்குப் போனாள். கதவைச் சாத்தி உட்காரச் சொன்னார்கள். அறை அவ்வளவு உலர்ந்திருந்தது, எல்லாம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அவளுக்குக் கண் கூசியது.

"அங்க நடந்தது எதையாவது பாத்தீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லைங்க."

"அந்தப் பொண்ணு கத்தினாளா, உதவிக்குக் கூப்பிட்டாளா? அது கேட்டுச்சா?"

"இல்லைங்க."

"பெரியவங்க சொல்லுவாங்க, கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்னு. நீங்க காணவும் இல்ல, கேட்கவும் இல்ல."

"தீர விசாரிப்பதே மெய்னு மிச்சத்தையும் அவங்கதான் சொன்னாங்க" என்றார் வக்கீலம்மா. "அதைத்தானே பண்ணிட்டு இருக்கோம்." கொக்கு பக்கம் திரும்பினார். "நீங்க பாத்தது, கேட்டதுன்னு பிரிக்க வேணாம். உங்களுக்கு என்ன தெரியுமோ அதச் சொல்லுங்க."

கொக்கு கொஞ்ச நேரம் கைகளைத் துடைத்தாள்.

"நாலேழு வரைக்கும் கேக்கும்" என்றாள். "அதுக்கு மேல கேக்காது."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். கொக்கு தொடர்ந்தாள்.

"அவ வாய்ப்பாடு சொல்லிட்டுத்தாங்க வண்டி தள்ளுவா. மத்த எடத்துல எல்லாம் பத்தேழு எழுபது வரைக்கும் தடங்கலே இருக்காது. அந்தத் தூண்கிட்ட மட்டும் நாலேழுல நிக்கும். தெரியாம நிக்கறான்னு நாங்க சிரிச்சோம். நான்தான் ரொம்பச் சிரிச்சேன். நான் அஞ்சேழச் சொன்னா மறுபடி கிளம்பும். என் குரலக் கேட்டு அவளுக்கு ஞாபகம் வருதுன்னு நினைச்சேன்."

"இப்ப என்ன நினைக்கறீங்க?"

"என் குரலக் கேட்டு வேற யாரோ நகர்றாங்க."

"அது சூப்பர்வைசர்னு எப்படிச் சொல்றீங்க?"

இந்த இடத்தில் அவள் கால் மாற்றி உட்கார்ந்தாள். தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குக் குடும்பம் தெரியும்.

"நடுவுல ஒரு வாரம் அவரு குடும்பத்தோட வெளியூர் போனாரு. அந்த வாரம் வாய்ப்பாடு நிக்கவேயில்ல. தினமும் எழுபது வரைக்கும் போச்சு. நான் அஞ்சேழு சொல்லக் காத்துட்டு இருந்து ஏமாந்தேன். அவரு என் தங்கச்சி புருஷன். அந்த வாரம் அவங்க வீட்டுச் சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு."

தொலைவில் உருளைகள் ஓடுகிற சத்தம் மட்டும் ஒரு பெரிய மிருகம் தூங்குகிற மூச்சு போல வந்துகொண்டிருந்தது.

வக்கீலம்மா அன்றே நடைக்குள் வந்தார். தூணருகே நின்று கையை நீட்டிப் பார்த்தார். கை காணாமல் போயிற்று. வந்தவரிடமிருந்து சத்தமே வராததால் மகாராணி, "குரல் குடுங்கம்மா, வண்டி இடிச்சிடும்" என்றாள். அவர் கொஞ்சம் திகைத்து, "நான் இங்க நிக்கறேன், நான் இங்க நிக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். அந்தக் குரல் போன திசையைக் குண்டக்கா வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். மதியம் யாரும் அழைக்காமல் விசாரணை அறைக்குப் போனாள். உள்ளே அவள் சொன்னதைக் குழுவில் யாரும் வெளியே சொல்லவில்லை. அவளே பிறகு ஒருநாள் சொன்னாள்: "என் மாமியாரத் திட்டறது கூட ஒரு காலத்துல அந்தத் தூண்கிட்ட நின்னுருக்குடி." அன்று அவள் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று. அந்தப் பெண்ணை மடிப்பறைக்கு மாற்றிவிடலாம், அவளுக்குப் பாதுகாப்பு என்று அதிகாரி நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். "தப்பு பண்ணது நடையும் இல்ல, அவளும் இல்ல. எதுக்கு அவ எடத்த விடணும்?" என்று தையல்காரி கேட்டதும் அந்தப் பேச்சு நின்றது. இடுக்கில் கிடந்த உடைந்த வண்டிகளை அள்ளினார்கள். புது விசிறி ஓடத் தொடங்கியது. தொந்தரவு என்றால் யாரிடம், எப்படிச் சொல்லலாம் என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்கள். வழக்கத்தையும் மாற்றினார்கள். வண்டி தள்ளினாலும் தள்ளாவிட்டாலும், நடைக்குள் நுழைகிறவர் யாராக இருந்தாலும் குரல் கொடுத்தாக வேண்டும். புதிதாக வந்த சூப்பர்வைசர் கூச்சப்பட்டு இருமிக்கொண்டே நடந்தார். அவருக்கு இருமல் என்று பெயர் வைத்தார்கள்.

வீட்டில் பொது நடைக் கதவு சாத்தியே கிடந்தது. மாப்பிள்ளை வேறு ஊரில் வேலை தேடிப் போனார். தங்கை குழந்தைகளோடு இங்கேயே இருந்தாள். போகச் சொன்னாளா, அவராகப் போனாரா என்பது கதவுக்கு அந்தப் பக்கத்து விஷயம். குழந்தைகள் பெரியம்மா மடிக்கு வரவில்லை. கொக்கு குழாயடிக்கு வரும்போதெல்லாம் தன் மெட்டை மெல்ல இழுத்துக்கொண்டு வந்தாள், தங்கைக்குத் தூக்கிவாரிப் போடக் கூடாது என்று. பல நாட்கள் அந்த மெட்டு வெறும் கதவைத்தான் தொட்டது. ஒரு காலை கதவு திறந்தது. தங்கை கொதிக்கும் பாத்திரத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, அக்காவைப் பார்க்காமல், "ஓரமா நில்லு, சூடு" என்றாள். கொக்கு ஓரமாக நின்றாள். அவ்வளவுதான் பேச்சு. அதை மன்னிப்பு என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு கதவு முழுவதுமாகச் சாத்தப்படவில்லை, அதைச் சொல்லலாம்.

வாய்ப்பாடு அடுத்த வருஷம் விட்ட படிப்பைப் பிடிக்கப் போய்விட்டாள். போகிற அன்று நடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஏழாம் வாய்ப்பாட்டை ஒரு தடவை முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தாள். தூணருகே யாரும் அவளுக்கு எடுத்துக் கொடுக்கவில்லை.

அதே மாதம் மடிப்பறையில் ஜன்னலோர நாற்காலி காலியானது. இருமல் நேரே கொக்கிடம் வந்து, இருமிவிட்டு, "அக்கா, அது உங்களுக்குத்தான். நாளைலேர்ந்து அங்க போயிடுங்க" என்றார். கொக்கு மடிப்பறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். வெளியே மரம் அசைந்தது. காற்று நன்றாகவே வந்தது. நடையில் போகிறவர்களின் குரல் மட்டும் அங்கே எட்டவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"குண்டக்காவுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

"இத்தனை வருஷமா கேட்டுக் கேட்டு வாங்கினதை எவளாவது விடுவாளா? என்னடி ஆச்சு உனக்கு?" என்று தையல்காரி துளைத்தெடுத்தாள். கொக்கு ஈர விரிப்புகளை வண்டியில் நிரப்பிக்கொண்டிருந்தாள். புது விசிறி சுற்றியும் அன்றைக்கு ஆவி அடர்ந்துதான் இருந்தது. அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெள்ளைக்குள் போனாள். பழைய மெட்டு கேட்கும் என்று எல்லோரும் இருந்தார்கள். கேட்டது வேறு.

"அஞ்சேழு முப்பத்தஞ்சு" என்று அவள் தொடங்கினாள். "ஆறேழு நாப்பத்திரெண்டு."

வேலையை விட்டுப் போகும்வரை அவள் குரல் அதுதான். தினமும் அஞ்சேழில்தான் தொடங்குவாள். முதல் நாலையும் ஒருநாளும் சொன்னதில்லை.